கதைப் பெண்ணுக்குக் கட்டிய பை

நான் கணக்கு வாத்தியார். என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் கதை டீச்சர் பாடம் எடுத்தால் இந்தப் பக்கம் என் கணக்கெல்லாம் காற்றில் போகும். கதை டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஒரு நாவலை வாசித்தோம், கேள்வி பதில் எழுதினோம் என்று விடுகிற ஆள் இல்லை அவர். ஒருநாள் வில்லனைக் கூண்டில் ஏற்றி விசாரணை நடக்கும். இன்னொரு நாள் கதாநாயகியின் தெரு வகுப்புச் சுவர் முழுக்கப் படமாக விரிந்திருக்கும். தலைமையாசிரியையிடம் முறையிட்டு முறையிட்டு நான்தான் அலுத்துப்போனேன்.

அந்த வருடத்து நாவலில் பதினைந்து வயதுப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். டீச்சர் தன் பழைய பயணப் பையை மேஜைமேல் வைத்தார். "நாளைக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வாங்க. போற வழியில அவளுக்கு அது எதுக்குன்னு சொல்லிட்டு இதுல வைக்கணும்."

மறுநாள் சிரிப்புச் சத்தம் பொறுக்காமல், சண்டை போடவே போய் வாசலில் நின்றேன். பிஸ்கட், சீப்பு, போர்வை என்று பை நிறைந்துகொண்டிருந்தது. வாலு என்று பெயரெடுத்த பையன் ஒரு டார்ச்சை வைத்தான். "மிஸ், மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க. அப்பாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்."

அடுத்து, வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் வந்தாள். அவள் எடுத்தது ஒரு சின்னக் குழந்தையின் செருப்பு.

"இது எதுக்கும்மா?"

"தம்பிக்கு. அவ மட்டும் போயிட்டா, அவளுக்கு விழுற அடியெல்லாம் அவனுக்கு விழும் மிஸ்."

"ஐயோ, கதையில தம்பியே கிடையாது!" என்று வாலு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

டீச்சர் செருப்பை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்தார். "நீ சொல்றது சரிதான்மா" என்றார். சண்டை போட வந்ததே எனக்கு மறந்துவிட்டது.

மதியம், அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டறிந்ததைச் சொல்ல டீச்சர் தலைமையாசிரியை அறைக்குப் போனார்; நானும் கூடப் போனேன்.

"அப்பன் அடிக்கிறான்னா அது குடும்ப விவகாரம். நாம தலையிட்டா ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்றார் தலைமையாசிரியை.

"அந்தப் பொண்ணு கிளம்பத் தயாரா இருக்கா மேடம். தம்பியை விட்டுட்டுப் போக மனசு வராமதான் நிக்கிறா. நீங்க சொல்லலன்னா நானே குழந்தைகள் நல அதிகாரிகிட்ட போறேன். வேலை போனா போகட்டும்."

படுக்கையில் கிடக்கும் தன் கணவருக்கு டீச்சர் மருந்து வாங்குவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனாலும் சொன்னபடியே போனார்.

அதிகாரிகள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். அந்த வாரமே அவள் அம்மாவின் தங்கையான சித்தி வந்து அக்காவையும் தம்பியையும் பள்ளிக்கூட வாசலிலிருந்தே தன்னோடு கூட்டிப்போனாள். பிள்ளைகள் கையில் மாற்றுத் துணிகூட இல்லை. டீச்சர் வகுப்புக்குள் ஓடி, மேஜைமேலிருந்த பையை அப்படியே தூக்கி வந்து கொடுத்தார். தம்பி அங்கேயே உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை மேஜை காலியாக இருந்தது. என்ன ஏது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. டார்ச்சுக்காக வாலு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. அதைத் திருப்பித் தரும்படி அவன் டீச்சரிடம் கேட்கவே இல்லை.