பேச்சியக்கா திரும்ப வாங்கிக்கொண்ட பொய்

செவ்வாய்க்கிழமை காலை என் மாவுக் கடையில் நின்றிருந்தபோது, பேச்சியக்காவின் மகள் கன்னிவாடியிலிருந்து போன் செய்தாள். "செல்விச் சித்தி, அம்மா போயிட்டாங்க. நல்லாச் சாப்புட்டுத்தான் படுத்தாங்க. வெள்ளனே எழுப்புனேன், எந்திரிக்கல." அழுதேன். அழுது முடித்ததும் தோன்றியதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாடா, ஒரு நாள்கூடப் படுக்கையில் விழாமல் போய்ச் சேர்ந்தாரே என்றுதான் இருந்தது.

மன்னவனூர் கேரட் ஷெட்டில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் என் இடது கை தெரியும். கேரட் கழுவும் மெஷினின் பெல்ட்டில் மூன்று விரல்கள் போன அன்று, மெஷினை நிறுத்தி, முந்தானையைக் கிழித்துக் கட்டி, லோடு ஏற்ற வந்த வண்டியில் என்னைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் பேச்சியக்காதான். எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். "அவ வீட்டுத் தோட்டத்து மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிட்டா சார்," என்றார் அக்கா. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏன் அந்தப் பொய்? ஷெட் முதலாளியை நாம் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நம் பிள்ளைகளின் காதுகுத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் மேல் போலீஸ் கேஸ் வரவைப்பதா? ஷெட்டைப் பூட்டிவிட்டால் அத்தனை பெண்களும் எங்கே போவது? மாமாவும், "நான் பாத்துக்கிறேன்," என்றார். தையல் பிரிக்கிறவரை பார்த்துக்கொண்டார். அப்புறம் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. காட்டு வேலைக்கு ஆகாத கையோடும், காலேஜுக்குப் போகிற மகளோடும் நான் திண்டுக்கல் தொழிலாளர் ஆபீஸில் நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டபோது, அவர் தரப்பில் எடுத்து நீட்டியது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான். வீட்டில் நடந்ததற்கு ஷெட்டுக்காரர் என்ன செய்வார் என்றார்கள்.

எனக்கு அக்கா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் வாசலில் நின்று கத்தினேன். சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற என்றுகூடக் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். "நான் சொன்ன பொய்ய நானே போய்த் திரும்ப வாங்கிக்கிறேன். எந்தப் பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுடி," என்றார்.

திண்டுக்கல் விசாரணைக்கு வழக்கம்போல ஸ்வெட்டரோடுதான் வந்தார். மலையை விட்டு அதிகம் இறங்காதவர். அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டியது. முதலாளியின் வக்கீல் அதிகாரியிடம், "பாருங்க சார், பொய் சொல்றவங்களுக்கு எப்படி வேர்க்குதுன்னு," என்றார்.

"ஸ்வெட்டரு போட்டுருக்கேன் சார். உள்ள ரவிக்கை கிழிஞ்சு கெடக்கு, கழட்ட முடியாது," என்றார் அக்கா. அதிகாரியே சிரித்துவிட்டார்.

வக்கீல் விடவில்லை. "அன்னைக்குச் சொன்னதும் நீங்கதான், இன்னைக்குச் சொல்றதும் நீங்கதான். இதுல எதை நம்புறது?"

"அன்னைக்குச் சொன்னதுல எஞ்சோலி தப்பிச்சுச்சு. இன்னைக்குச் சொல்றதுல எஞ்சோலி போயிரும். பொழப்பக் கெடுத்துக்கிட்டுப் பொய் சொல்ல எவளாச்சும் இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வருவாளா சார்?"

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அடிபட்டவரும் டாக்டரிடம் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டார். "அவ மயங்கிக் கெடந்தா சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் சொன்னதுதான்."

அவர் சொன்னபடியே ஷெட்டில் வேலை போயிற்று. ஒரு வாரம்கூட வீட்டில் உட்காரவில்லை. பூம்பாறைக்குப் பூண்டு எடுக்கப் போய்விட்டார். எனக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்த அன்று, தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பூண்டுக் காட்டுக்கே ஓடினேன். அத்தனை மாதமும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, பஸ்ஸில் நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போனேன். கை முழுக்க மண் என்று அக்கா தாளை வாங்கவில்லை. "வெரசாப் படி, தோட்டக்காரரு பாக்குறாரு," என்றார். கேட்டு முடித்ததும், "அப்ப மக படிப்பு நிக்காதுல்ல?" என்றார். நிற்கவில்லை அக்கா. இந்த மாவுக் கடையும் அதில் வந்ததுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் நான் மயங்கிக் கிடக்கவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். நல்ல நினைவோடு, ஆமாம் என்று தலையாட்டினேன். மாமா மேல் கேஸ் வந்துவிடக் கூடாதே என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அதை மறைத்துக்கொண்டுதான் அக்காவின் வாசலில் நின்று கத்தினேன்; விசாரணையிலும் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. முழுப் பொய்யையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பொய்யில் எனக்குள்ள பாதியைத்தான். உங்கள் முன்னால் சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. இனி எவராவது பேச்சியம்மாள் பொய் சொன்னவள் என்று பேசினால், செல்வியும் சொன்னாள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.