இரண்டு கிருத்திகைக்கு ஒரு தடவை

போன மாதம் என் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், ரொம்ப ஓடின வண்டி. புது ஆயிலோட ஒரு அடிட்டிவ் ஊத்திட்டா இன்ஜினுக்கு ஆயுசு கூடும். ஊத்திடலாங்களா?" என்று கேட்டு ஒரு சின்ன பாட்டிலை மேஜைமேல் வைத்தார். மூடியைத் திறந்தும் காட்டினார். மண்ணெண்ணெயில் வெல்லப்பாகைக் கலந்தாற்போல ஒரு வாசனை. "வேணாம்மா" என்றேன். அவர் மூடியைத் திரும்ப மாட்டுவதற்குள் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் என் பாவா உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர். எங்கள் திருத்தணிப் பக்கத்தில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ். முறை சொல்லிக் கூப்பிடும்போது இரண்டும் கலந்துவிடும். எழுபது வயதாகிறது அவருக்கு. கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிவந்தவன், அப்படியே வண்டியையும் காட்டிவிடலாம் என்று நுழைந்திருந்தேன்.

"இன்னா மச்சான், பட்டுனு வேணாம்னுட்ட? ஊருக்கெல்லாம் அந்த மருந்த வித்தவன் நீ. உன் வண்டிக்கு மட்டும் வேணாமா?" என்று சிரித்தார். கிண்டலாகத்தான் கேட்டார். நான் பாட்டிலை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் இருபத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும். அப்போது நான் அரக்கோணம் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தேன். ரப்பர், கிரீஸ், முதலாளி காலையில் ஏற்றும் மட்டமான ஊதுபத்தி, மூன்றும் சேர்ந்த ஒரு நெடி அந்தக் கடைக்கு உண்டு. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அது என்னோடு சாப்பிட உட்காரும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒருவர் மூக்கை உறிஞ்சி, "தம்பி மெக்கானிக்கா?" என்று கேட்டார். "சேல்ஸ்" என்றேன், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்த சேல்ஸ் கர்வத்துக்குத் தீனி போட்டது இந்த பாட்டில்தான். டை கட்டிய ஏஜென்ட் ஒருவர் வந்து அறிமுகப்படுத்திவிட்டுப் போனார். கிருத்திகை நாட்களில் எங்களுக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். சித்தூர், புத்தூர் என்று ஆந்திராவிலிருந்தெல்லாம் வண்டிகள் வரும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு நேராக எங்கள் கடைக்கு வருவார்கள். "தலைக்குச் சந்தனம் வெச்சீங்க, இன்ஜினுக்கு இன்னா வெச்சீங்க?" என்று கேட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் தள்ளிவிடுவேன். அந்த வருடம் எங்கள் மாவட்டத்திலேயே நான்தான் அதிகம் விற்றேன் என்று கம்பெனி எனக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தது. அதை அக்காவுக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வீட்டில் இட்லி அதில்தான் இருக்கிறது. எடுத்துப் போடும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

பாவாவிடம் சொந்தமாக ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. காலையில் நூல் மூட்டைகளை ஏற்றிப் பொதட்டூர்பேட்டைக்குப் போவார், மாலையில் லுங்கி பண்டல்களோடு திரும்புவார். அந்த வேன் வருவது தெருமுனையிலேயே தெரியும். பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறி ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்பார்கள். ஹார்ன் அடிக்காமலே ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்களாம். பாவாவுக்கு அதில் பெருமை. காதாலேயே ஓட்டுகிறவர் அவர். டக்கென்று தலையைச் சாய்த்து, "மூணாவது நாசில் சரியில்ல" என்பார். டீசல் பீய்ச்சும் முனைகளை மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் கோளாறு மூன்றாவதிலேயே இருக்கும்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டர் அந்த வேனில் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர் ஆயில் மாற்றுவதற்குக் கிருத்திகையைக் கணக்காக வைத்திருந்தார். மாதாமாதம் வருகிற கிருத்திகைதானே, ஒன்றை விட்டு ஒன்று. அன்றைக்கு விரதம். காலையில் மலைக்குப் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வந்து, பட்டறையில் நின்று, பழைய ஆயிலைச் சொட்டுவிடாமல் இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றிய பிறகுதான் சாப்பிடுவார். "வண்டியும் விரதம் முடிக்கணும்ல" என்பார். நாங்கள் கேலி செய்வோம். யோசித்துப் பார்த்தால் வண்டிக் கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருந்த கெடுவும் ஏறக்குறைய அதுவேதான்.

வேனில் நீலப் புகை வர ஆரம்பித்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. மெக்கானிக் தாஸ், "ரிங்கு தேஞ்சி போச்சி. இன்ஜின எறக்கி வேல பாத்துடு, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார். இறக்கினால் பத்து நாள் வண்டி நிற்கும். பத்து நாள் நின்றால் நூல் மூட்டை வேறு வண்டிக்குப் போய்விடும் என்று பாவா தயங்கினார். அவர் மகள் செல்வி அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் பெண். நான் விடுவேனா? "எறக்கவே வேணாம் பாவா, இத ஊத்துங்க" என்று பாட்டிலை நீட்டினேன்.

அந்த பாட்டிலில் இருந்தது விஷமில்லை, மாயமும் இல்லை. தேய்ந்த இன்ஜினில் இடைவெளி விழுந்திருக்கும். பாகு மாதிரியான அந்தத் திரவம் எண்ணெயைக் கெட்டியாக்கி, இடைவெளியைக் கொஞ்ச காலம் அடைத்துக்கொள்ளும். புகை குறையும், சத்தம் அடங்கும். தேய்ந்த இரும்பு வளர்ந்துவிடாது, அவ்வளவுதான். ஆனால் ஒரே வாரத்தில் புகை நின்றுவிட்டதே! அக்கா பூரித்துப்போய், "வண்டிய எடுத்தா தெருவே எழுந்துக்கும், இப்போ பூன மாதிரி போவுதுடா" என்றாள். பொதட்டூர்பேட்டையில் முதல்முறையாக ஹார்ன் அடிக்க வேண்டியதாயிற்று. பாவா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வந்தவர், ஆயில் கம்பியில் தொட்டெடுத்த எண்ணெயை விரலில் காட்டினார். "நல்லா கெட்டியாத்தான் கீது மச்சான். மருந்து வேற ஊத்திகினு இருக்கோம். இந்த தபா மாத்தணுமா, தாங்குமா?"

பாட்டிலின் பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில், ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் புது ஆயிலோடு ஊற்றவும் என்று போட்டிருந்தது. நான் படித்திருக்கிறேன். ஆனால் என் மருந்தின் மகிமையை நானே குறைத்துச் சொல்வதா? கடையில் வேறு இரண்டு டிரைவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"ஆங், தாங்கும் பாவா" என்றேன்.

இந்த ஒரு வார்த்தைதான். இதைவிடப் பெரிய பொய்களெல்லாம் வாழ்க்கையில் சொல்லியிருக்கிறேன், அவை மறந்துவிட்டன. அந்தக் கிருத்திகைக்கு ஆயில் மாற்றவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அவர் மலைக்குப் போனார், விரதம் இருந்தார், வந்து பட்டறையில் நிற்காமல் நேராகச் சாப்பிட்டார். பழைய ஆயிலின் மேலேயே பாட்டில் பாட்டிலாக ஊற்றினோம். இன்ஜின் முனகினால் காதில் வாங்கிக்கொள்கிற மனிதர், அதன் வாயைத்தான் நான் அடைத்துவிட்டிருந்தேனே. ஒருநாள், "ஸ்லோவா உட்டா ஆயில் லைட்டு மினுக்குது மச்சான்" என்றார். எண்ணெய் சரியாக ஏறவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு அது. அதற்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரு மத்தியானம், பண்டல் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நடுரோட்டில் ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. தாஸும் நானும் மொபெட்டில் போனோம். பாவா மூட்டைகளை வேறு வண்டியில் மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு இழுத்து வந்து, எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றியபோது அவர் பண்டலோடு போயிருந்தார், நானும் தாஸும் மட்டும்தான். உள்ளே எண்ணெய் இல்லை. கருப்பு அல்வா இருந்தது. எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அது மொத்தமாக மூடியிருந்தது. தாஸ் அதை விரலால் வழித்து என் எதிரில் துணியில் துடைத்தார்.

"எவன்யா ஆயில் மாத்த வேணாம்னு சொன்னது? மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி எறக்கி இருந்தா புதுசா ஓடிகினு இருக்கும். இப்போ கிராங்கும் போச்சி, பிளாக்கும் போச்சி."

"பாவாகிட்ட சொல்லாதீங்கண்ணே" என்றேன்.

தாஸ் துணியை உதறினார். "நான் சொல்லல. நீயே சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், கோபம் தணியட்டும் என்று நினைத்தேன். வேடிக்கை என்னவென்றால் பாவாவுக்குக் கோபமே இல்லை. வேன் பழைய இரும்புக்குப் போனது. செல்வி காலேஜை நிறுத்திவிட்டு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். பாவா அடுத்தவர் வண்டியை ஓட்டினார், அப்புறம் மலையடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுத்தார். அங்கே வருகிற டிரைவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார்: "செத்த இன்ஜின்பா அது. தாஸ் கைய விரிச்சிட்டான். என் மச்சான் ஒரு மருந்து குடுத்தான் பாரு, ஒரு வருஷம் பூன மாதிரி ஓடிச்சி!" கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் அந்தக் கதை உண்டு. சொல்லும்போது என் தோளைத் தட்டுவார். தாஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அன்றைக்கு சர்வீஸ் முடிந்து திரும்பும் வழியில், கனகம்மாசத்திரம் தாண்டியதும் அவர் விடாமல் மறுபடியும் கேட்டார். "நெசமா சொல்லு மச்சான், ஏன் வேணாம்ன?"

சொல்லிவிட்டேன். பாட்டிலின் பின்பக்கம், கடையில் நின்ற இரண்டு டிரைவர்கள், கருப்பு அல்வா, தாஸ் சொன்னது, எல்லாம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசியது வசதியாக இருந்தது. இருபத்தைந்து வருடச் சுமையை இறக்கிவைக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

பாவா கேட்டார். "அப்போ எறக்கி வேல பாத்துட்டு, ரெண்டு கிருத்திகைக்கு ஒரு தபா ஆயில மாத்திகினு இருந்தா?"

"ஓடியிருக்கும் பாவா. அஞ்சு வருஷம்னு தாஸ் அப்பவே சொன்னாரே."

விரலை மடக்கி வருடங்களை எண்ணினார். மூன்றாவது விரலில் நின்றது.

"செல்வி முடிச்சிருப்பா" என்றார். பிறகு, "அந்த ஏசிய கொஞ்சம் கொற" என்றார். திருத்தணியில் இறங்கும்போது வழக்கம்போல, "சாப்ட்டு போ" என்றுதான் சொன்னார்.

அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்த இடத்தில் இன்றைக்கு செல்போன் விற்கிறார்கள். தாஸின் பட்டறை மேல் கல்யாண மண்டபம் நிற்கிறது. வேன் எந்த ஊரில் உருகி என்னவாயிற்றோ. கடையும் பட்டறையும் போனதற்கு நான் பொறுப்பில்லை. போன வாரம் அக்கா வீட்டுக்குச் செல்வியின் மாப்பிள்ளை வழிச் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஹாட் பாக்ஸிலிருந்து இட்லி எடுத்துவைத்தபடி அக்கா, "உங்க வண்டி கதைய இவருக்குச் சொல்லுங்களேன்" என்றாள். வந்தவரும் ஆவலாகத் திரும்பினார்.

பாவா இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார்.

"ஒரு வேனு இருந்திச்சி. நின்னுடிச்சி" என்றார்.