டெலிகன்வெர்ட்டரும் முறுக்கு டப்பாவும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம். டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு மேற்கே, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஓர் ஏரிப் பூங்கா வரும். அங்கே நடந்தது இது.

அப்போது வீட்டில் நான் மட்டும்தான். கணவருக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. மகன் வேறு மாநிலத்தில் காலேஜ். "சாப்பிட்டியா கண்ணு?" என்று மெசேஜ் அனுப்பினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று வரும். சாப்பிட்டான் என்று அர்த்தமா, தொந்தரவு செய்யாதே என்று அர்த்தமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு பெட்ரூம் வீட்டில் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு நாள் ஓடும். சில நாட்களில் என் குரலை நானே கேட்பது, சாயங்காலம் கணவர் போன் செய்யும்போதுதான்.

இப்படியே விட்டால் இவள் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்தோ என்னவோ, அவர் ஒரு கேமராவும் நானூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸும் வாங்கிக் கொடுத்தார். நானும் காலையில் ஏரிக்குப் போய்ப் பறவைகளை எடுக்கப் பழகினேன். ஏரியின் அக்கரையில், ஓர் உயரமான மரத்தில் வெண்தலைக் கழுகு கூடு கட்டியிருந்தது. என் லென்ஸை முழுக்க நீட்டினாலும் கூடு தெரியும்; உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும்.

அதே இடத்துக்கு இன்னொரு பெண்மணியும் வருவார். எழுபது வயது இருக்கும். வெளுத்த ஜீன்ஸ், தொப்பி, மடக்கு நாற்காலி. நான் தலையாட்டுவேன், அவரும் தலையாட்டுவார். பல வாரங்கள் எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ஒரு நாள் அவரே கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். இருவர் கேமராவும் ஒரே கம்பெனி என்பதைக் கவனித்திருக்கிறார். கோட்டுப் பையிலிருந்து டம்ளரைவிடச் சின்னதாக ஒரு பொருளை எடுத்து, என் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் தானே மாட்டிவிட்டார். டெலிகன்வெர்ட்டர். நானூறை எண்ணூறாக்கிவிடும் என்றார். சும்மா ஆக்காது, வெளிச்சத்தில் கால் பங்குதான் உள்ளே வரும், ஃபோகஸ் தடுமாறும், கை லேசாக ஆடினாலும் படம் கெட்டுவிடும் என்றும் சொன்னார். முதலில் எனக்கு இலையும் வானமும்தான் மாறி மாறித் தெரிந்தன. ஜூமைக் குறைத்து வைத்துக்கொண்டு கூட்டைப் பிடி, அப்புறம் மெதுவாக நீட்டு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

அப்படியே செய்தேன். கூட்டின் விளிம்புக்கு மேலே சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ஒரு சின்னத் தலை, அலகைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தது. என்னை அறியாமல் "ஐயோ, குஞ்சு!" என்றேன். அவருக்குத் தமிழ் எங்கே தெரியும்? ஆனாலும் புரிந்துகொண்டு சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. டெக்சாஸ் மழை சொல்லிவிட்டா வரும்? கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு நான் என் காருக்கு ஓடினேன், அவர் அவர் காருக்குப் போனார். வீட்டுக்கு வந்து ஈரம் துடைக்கும்போதுதான் பார்க்கிறேன், டெலிகன்வெர்ட்டர் என் லென்ஸோடு வந்துவிட்டது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் பேச்சில் கரூர் அப்படியே வந்துவிட்டது. "ஏம்மா, பேரு தெரியாது, நம்பர் தெரியாது, காஸ்ட்லி ஐட்டத்த எடுத்துட்டு வந்திருக்கிற. திருடிட்டுப் போயிட்டான்னுதான நெனப்பாங்க? மொதல்ல கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு மறுவேலை பாரு."

திருட்டு என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டு ஒருவர் எங்கோ இருக்கிறார், இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்தவர் பொருளை வெறும் கையோடு திருப்பிக் கொடுத்து எங்கள் வீட்டில் பழக்கமில்லை. மறுநாள் என் கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவில் முறுக்கை நிரப்பிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அந்த வாரமே இல்லை. பூங்கா ஆபீசில் கேட்டேன். இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், தொலைத்தவர் வந்தால் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான் என் நம்பரை மட்டும் கொடுத்தேன். வேறு யாராவது எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அதை அங்கே வைத்துவிட்டால், மறுநாள் காலையில் நான் கட்டாயம் போயாக வேண்டிய இடம் என்று ஒன்றும் இருக்காது.

முறுக்கு நமுத்துப் போனது. நானே தின்று தீர்த்துவிட்டுப் புதிதாகச் சுட்டேன். அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்ற வைராக்கியமும் சில நாள்தான் நின்றது. ஆசை யாரை விட்டது? காத்திருந்த நேரத்தில் டெலிகன்வெர்ட்டரை மாட்டிக் கழுகுக் குஞ்சைத் தினமும் எடுத்தேன். பஞ்சு உதிர்ந்து கறுப்பு இறகு முளைத்தது. வீட்டில் அதைக் காட்டத்தான் ஆளில்லை.

பிப்ரவரி முடியும்போது ஒரு காலை, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து அவர் வந்தார். நான் ஓடினேன். மன்னிப்பு, மழை, ஆபீசில் கொடுத்த நம்பர், முறுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷனாம். அவர் கணவர் முன்பே காலமாகிவிட்டார், மகள் தூரத்தில். பிறகு ஆங்கிலத்தில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"இந்த ஆபீசுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா உனக்குத் தகவல் வந்திருக்கும். வேணும்னேதான் பண்ணலை. படுத்துக் கிடந்த இத்தனை நாளும், யாரோ ஒருத்தி என்னைத் தேடிக்கிட்டு இருக்கான்னு நினைக்க நல்லா இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன். ஆனால் அழுகைதான் வந்தது. நானும் அதை ஆபீசில் வைக்காததன் உண்மைக் காரணத்தைச் சொன்னேன். பிறகு கேமராவை ஆன் செய்து, அவர் பார்க்காமல் போன நாட்களின் குஞ்சை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

டெலிகன்வெர்ட்டரைக் கழற்றி, முறுக்கு டப்பாவோடு அவரிடம் கொடுத்தேன். டப்பாவை என்ன செய்வது என்று கேட்டார். எங்கள் ஊரில் காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றேன். அடுத்த வாரம் அதில் அவர் வீட்டு மரத்துப் பீக்கன் பருப்பு வந்தது. நான் ரவா லட்டு அனுப்பினேன். ஒரு வருடத்துக்கும் மேல் அந்த டப்பா இப்படியே போய் வந்தது.

போன கோடையில் மகள் வந்து அவரைக் கொலராடோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே சாமான்களைப் பிரித்தபோது டப்பாவும் அதில் இருந்திருக்கிறது, பார்சலில் அனுப்பட்டுமா என்று மெசேஜ் வந்தது. வேண்டாம், நீங்களே வைத்திருங்கள் என்று எழுதினேன்.

இப்போது ஏரிக்குத் தனியாகத்தான் போகிறேன், சொந்தமாக ஒரு டெலிகன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். அந்த டப்பாவின் அடியில் வெட்டியிருக்கும் தமிழ்ப் பெயரை அவரால் படிக்க முடியாது என்றாலும், அது அவர் அலமாரியில் இருக்கும் வரை, இவளுக்கு இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உலகத்தில் ஒருவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.