பாதியில் நிறுத்திய பேய்ப்படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, படம் பார்க்கும் செயலியைத் திறந்தேன். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர். உள்ளே போனால் அவருடைய கைபேசி எண், மொரப்பூர் முகவரி, பார்த்த படங்களின் பட்டியல். இருபதுக்கு மேல் பேய்ப்படங்கள். எல்லாமே பத்து நிமிடத்தில் நிறுத்தப்பட்டவை.

யாரோ என் கணக்கைத் திருடிவிட்டதாக நினைத்து அந்த எண்ணுக்கே அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"பாப்பாரப்பட்டிக்காரருங்களா? உங்க கணக்கு இங்க வந்துடுச்சுங்க. நானே கூப்புடலாம்னு இருந்தேன்." பிறகு தயங்கினார். "வூட்ல சின்ன பசங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. ஏன்?"

"இல்ல, யானைக்குட்டி கார்ட்டூனே நூறு இருக்குது..."

நான் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பே நடுங்கும். பள்ளியிலிருந்து வந்ததும், மனைவி வேலையிலிருந்து திரும்பும்வரை, அந்த யானைக்குட்டிதான் எனக்குத் துணை. அவளுக்கே தெரியாது. "வெளிய சொல்லிடாதீங்க" என்றேன். "நீங்களும் அந்தப் பத்து நிமிசத்தச் சொல்லிடாதீங்க. வூட்ல எல்லாம் முழுசா பாத்தேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

அவரவர் வீட்டிலிருந்தே ஒரே இணைப்பில் சேர்ந்து வாடிக்கையாளர் சேவையை அழைத்தோம். ஒரு பெண் பேசினார். கடைசியாக எதைப் பார்த்தேன் என்று கேட்டார். குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னேன்.

"பொருந்தலைங்க சார். உங்க கணக்குல பேய்ப்படம்தான் இருக்கு."

"அது அவரோடதுங்க."

"எங்களுக்கு நீங்கதான் சார் அவரு. நீங்க அவராவும், அவரு நீங்களாவும் பதில் சொன்னா மாத்திடலாம்."

கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். வேறு வழியில்லை. மொரப்பூர்க்காரராக மாறி, "பேய்ப்படம் பார்ப்பேன், பத்து நிமிசத்துல பயந்து நிறுத்திடுவேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அவருடைய மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அடுத்து அவர், நானாக மாறி, கனத்த குரலில் சொன்னார்: "யானைக்குட்டி கார்ட்டூனுங்க. தெனமும் பாப்பேன்."

"தெனமுமா?" என்றாள் என் மனைவி.

மாலைக்குள் கணக்குகள் சரியாகிவிட்டன. மனைவி இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் மறுபடி அழைத்தார். "வூட்டுக்காரம்மா விட மாட்டேங்குதுங்க. ஒரு படமாச்சும் முழுசா பாத்துக் காட்டுன்னு நிக்குது. ரெண்டு பேரா இருந்தா தைரியமா இருக்கும், வர்றீங்களா?"

முகம் தெரியாத மனிதர் வீட்டுக்குப் பேய்ப்படம் பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? தருமபுரியில் பஸ் மாறி மொரப்பூர் போனேன். பட்டப்பகல், சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நாற்பது நிமிடம் தாங்கினோம். பிறகு படத்தில் ஒரு கதவு தானாகத் திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ரிமோட்டைத் தேடினோம்.