உள்ளே உப்பு படிந்தவர்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் பெயர் ‘பிரேக் வாத்தியார்’. கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். அவருடைய பயிற்சி வண்டியில், ஓட்டுபவர் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்தில் உட்காரும் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே அவருடைய வலது செருப்பு இடது செருப்புக்கு முன்னால் தேய்ந்துபோகும். வண்டியில் மட்டும் மிதித்தால் பரவாயில்லை. பேருந்தில் போனாலும் தரையை மிதிப்பார். டிவியில் எவனாவது காரை விரட்டினால் சோபாவில் இருந்தபடியே மிதிப்பார். அக்கா கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட அந்தக் கால் லேசாக அழுந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த மனிதர், அக்காவுக்கு மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் அவர்கள் மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தைத்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, யாராவது ஏற்றிக்கொண்டு போவார்களா என்று வாசலில் நிற்பாள். பக்கத்திலேயே வண்டியும் நிற்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அடுத்த வீடு. மச்சினி என்ற உரிமை வேறு. வாயை அடக்கும் பழக்கம் கிடையாது.

“ஊருக்குத்தான் உபதேசமா மாமா?” என்பேன்.

“புருஷன் பொண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தா வண்டி ஓடும், குடும்பம் ஓடாது” என்பார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். பிரேக் அவருடையது ஆயிற்றே.

வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை காலைக் காபி. மகள் வாங்கி அனுப்பிய காபி மெஷின் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஊற்றி, பொடி போட்டு, பொத்தானை அமுக்குவார். அக்காவின் கோப்பையைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், துணியில் சிந்தாத தூரம் பார்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்பை அதற்கு மேல் காட்டத் தெரியாது அவருக்கு.

அந்த மெஷினில்தான் ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் பகுதியில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். அதே வெள்ளை மெஷினுக்குள்ளும் படிந்துவிட்டது. மெஷின் முக்கியது, முனகியது, ஆவியைத் துப்பியது. ஒரு கோப்பை காபி விழுவதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம். மாமா அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, “இன்ஜின் திணறுது” என்றார். அவர் அகராதியில் சிவப்பு விளக்கு என்றால் நிற்க வேண்டும். அதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

அதே வாரத்தில் அவருக்கு உடம்புப் பரிசோதனையும் வந்தது. பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். ரத்தம் எடுக்க ஊசி கிட்டே வந்தபோது தரையை ஓங்கி மிதித்தாராம், நர்ஸ் பயந்துவிட்டாள். “ரிசல்ட் வந்ததும் போன் பண்றோம்” என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனிதர் ஒவ்வொரு போன் மணிக்கும் தரையை மிதித்தார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. டாக்டர் இல்லை, காபி மெஷின் ரிப்பேர்காரர். காலையில் அக்கா அவரிடம் விளக்கு எரிவதைச் சொல்லிவைத்திருந்தாள். அவள் கையில் ஒரு பேன்ட்டும் வாயோரத்தில் குண்டூசிகளும் இருந்ததால், நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

“உள்ள குழாயெல்லாம் உப்பு படிஞ்சிருக்கும்மா. அதான் முக்குது, முனகுது” என்றார் ரிப்பேர்காரர்.

“எனக்கும் அலுத்துப்போச்சு. புதுசா ஒண்ணு பார்த்துடலாமான்னு யோசிக்கறேன்” என்றாள் அக்கா.

“அவசரப்படாதீங்க. பழசா இருந்தாலும் நல்லா உழைச்சது. கடையில எலுமிச்சை உப்புன்னு ஒரு புளிப்புப் பொடி விக்கும். அதைத் தண்ணியில கரைச்சு உள்ள விடுங்க. அரை மணி நேரம் அசைக்காம விட்டுடுங்க. அப்புறம் ரெண்டு தடவை வெறும் தண்ணி விட்டு அலசிடுங்க. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.”

“ஓடலைன்னா?”

“ஓடலைன்னா வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தூக்கிட வேண்டியதுதான்.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமாவைத்தான் நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. ‘காபி மெஷின்’ என்ற முதல் வார்த்தையைத் தவறவிட்டு, மீதி அத்தனையையும் அவர் காதில் வாங்கியிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த வீட்டில் காதுக்கும் அதே கதிதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்குப் புரியவில்லை. அக்கா வாங்கி வைத்த எலுமிச்சை உப்புப் பாக்கெட் அலமாரியிலிருந்து காணாமல் போனது. மாமா காலையில் ஒரு தம்ளரில் எதையோ கரைத்துக் குடித்து, முகத்தைக் கசங்கிய துணி மாதிரி சுருக்கிக்கொண்டு, நாற்காலியில் சிலையாக உட்கார்ந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் ஓட்டவில்லை. பிறகு எழுந்து இரண்டு தம்ளர் வெறும் தண்ணீர் குடித்தார். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் அக்காவின் முன்னால் வந்து நின்று, கார்ச் சாவியை நீட்டினார்.

“வா. வண்டியை எடு” என்றார்.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவித் துணியில் விழுந்தது.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். அன்று மதியம் மாமா அங்கே வந்துவிட்டார். பல்லைக் காட்ட வந்தாரோ என்று நினைத்தேன்.

“ஏம்மா, உயிரோட இருக்கற மனுஷனை யாராவது ‘அது’ன்னு சொல்வாங்களா?” என்று கேட்டார்.

“யார் மாமா சொன்னது?”

“டாக்டர். ‘முக்குது, முனகுது’ங்கறான். ‘ஓடலைன்னா தூக்கிட வேண்டியதுதான்’ங்கறான். செத்தாத்தானே அவரு அதுவாகணும்? என்னை இப்பவே அதுவாக்கிட்டாங்க. உங்கக்கா அதைக் கேட்டுட்டுச் சிரிக்கறா. புதுசா ஒண்ணு பார்க்கறாளாம்!”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, “சான்றிதழ் வாங்கப் போனீங்களே, டாக்டர் உங்ககிட்ட நேர்ல என்ன சொன்னார்?” என்றேன்.

“எல்லாம் நல்லா இருக்குன்னு சிரிச்சுகிட்டே சொன்னார். உங்கக்கா முன்கூட்டியே பேசி வெச்சிருப்பா. கேட்டவுடனே சான்றிதழும் குடுத்துட்டார். கடைசி ஆசைன்னு நினைச்சிருப்பார், பாவம்.”

“போன்ல பேசினது அவர் குரலா?”

“இல்லை. அது பெரிய டாக்டரா இருக்கும்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: “நான் போறதுக்குள்ள உங்கக்காவுக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்துடணும். எனக்கப்புறம் அவ மூட்டையைத் தூக்கிட்டு எவன் வண்டிக்கும் காத்திருக்கக் கூடாது.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எங்கள் கிளினிக்கில் அப்படி யாரும் மூடியதில்லை.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது எந்தக் கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

“பாவம்டி. சொல்லிடலாம்” என்றாள். கொஞ்ச நேரம் பேன்ட்டின் விளிம்பைத் தைத்தாள். “ஆனா கிளட்ச் இன்னும் பிடிபடலையே.”

“உண்மை தெரிஞ்சா சாவியைப் பிடுங்கி உள்ள வெச்சுடுவார்.”

“வெச்சுடுவார். லைசென்ஸ் வாங்கற வரைக்கும் வாயைத் திறக்காதே.”

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. மாமா உள்ளே உப்பு உள்ளளவும் எங்களை நினைக்கட்டும் என்று முடிவு செய்தோம். கல்நெஞ்சு என்று நினைக்க வேண்டாம். அக்கா அன்றிரவே அவர் எடுத்து வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து எலுமிச்சை உப்பை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, அதில் குளுக்கோஸ் பொடியைப் போட்டு வைத்தாள். மறுநாள் மாமா குடித்துப் பார்த்துவிட்டு, “புளிப்பு குறைஞ்சிடுச்சு. உள்ள உப்பு கரையுது போல” என்று என்னிடம் நம்பிக்கையாகச் சொன்னார்.

ஒரே சங்கடம் காபி மெஷின். அதைச் சுத்தம் செய்தால் கதை வெளியே வந்துவிடும். எலுமிச்சை உப்பைக் கரைத்து, உள்ளே விட்டு, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால், பார்க்கிறவருக்குப் புரியாதா? அதனால் சிவப்பு விளக்கை அப்படியே விட்டோம். ஒருத்தியின் லைசென்ஸுக்காக ஒரு குடும்பமே கழுநீர் மாதிரிக் காபியைக் குடித்தது.

பாடம் நடந்தது. நான் பின்சீட்டில் போவேன். அக்கா ஓட்டுவதைவிட மாமாவைப் பார்க்கத்தான் எனக்கு பயமாக இருந்தது. அவர் மிதிக்கவே இல்லை. அக்கா ஒரு குப்பைத் தொட்டியை நேருக்கு நேர் குறி பார்த்துப் போனாள். மாமாவின் கால் சும்மா கிடந்தது. தொட்டி உருண்டது. “பரவாயில்லை. தொட்டி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்” என்றார். எதிரே லாரி வந்தபோதும் ஞானி மாதிரி ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தார். அக்கா தானாகவே பிரேக் போடக் கற்றுக்கொண்டது அப்படித்தான். வேறு யாரும் போடவில்லையே!

ஒருநாள் காலையில் கோப்பை மளமளவென்று நிறைந்தது. ஆவி இல்லை, முனகல் இல்லை. சிவப்பு விளக்கும் இல்லை. காபி காபி மாதிரியே இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடியவில்லையா?

“நீதானே கழுவினே?” என்று அக்காவின் காதில் கேட்டேன்.

“ம்” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அன்றைய பாடத்தில் தெருமுனை வருவதற்கு முன்பே வண்டி குலுங்கி நின்றது. மாமா மிதித்துவிட்டார். அடுத்த முனையிலும் மிதித்தார். ஒரு பூனை தெருவைக் கடக்கலாமா என்று யோசித்தது, அதற்கும் மிதித்தார். “கண்ணாடியைப் பாரு! கண்ணாடி எதுக்கு இருக்கு, பொட்டு வைக்கவா?” என்று கத்தினார். அக்கா பதிலுக்குக் கத்தினாள். புருஷன் பொண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தால் குடும்பம் ஓடாது என்று அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றியது. ஆனால் மறுநாளும் அவரே சாவியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார்.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் அக்காவின் பக்கத்தில் அதிகாரி ஏறிக்கொண்டார். மாமாவும் நானும் ஓரத்தில் நின்றோம். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. பாஸோ பெயிலோ, இனி மறைப்பதில்லை என்று துணிந்துவிட்டேன்.

“மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்லை. அன்னைக்குப் போன்ல பேசினது காபி மெஷின் ரிப்பேர்காரர்” என்றேன்.

அவர் அக்காவின் வண்டியைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. “தெரியும். திரும்ப போன் பண்ணினாரே. நான்தான் எடுத்தேன். ‘அது இப்போ எப்படி இருக்கு?’ன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘அதுதான் பேசறேன்’னேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அப்புறம்தான் அவர் மெஷின்னாரு. உங்கக்கா டெலிவரிக்குப் போயிருந்தா. அலமாரிக்குப் பின்னால நிஜ எலுமிச்சை உப்பு இருந்தது. கரைச்சு ஊத்தினேன். அரை மணி நேரம் அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்தேன். ரெண்டு தடவை வெறும் தண்ணி விட்டேன். செதில் செதிலா வந்துதும்மா, வெள்ளையா. என் உள்ள இருந்தே வர்ற மாதிரி இருந்தது. எவ்வளவு நாளா படிஞ்சு கிடந்திருக்கும்!”

“தெரிஞ்சுமா பாடத்தை நிறுத்தலை? உங்களுக்குத் தெரியும்னு அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா, ‘அப்போ எதுக்கு இன்னும் சொல்லிக் குடுக்கறீங்க?’ன்னு கேட்பா.” மண்ணைக் காலால் தேய்த்தார். “அதுக்கு என்னன்னு பதில் சொல்றது?”

அக்கா பின்னோக்கி வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்த வேண்டும். வண்டி வளைந்தது. மாமாவின் வலது கால் தரையில் அழுந்தியது. தரையில்கூட இல்லை, என் கால்மேல். வலியில் உயிர் போயிற்று. கத்தினால் அக்கா தடுமாறுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி கம்பங்களைத் தொடாமல் நேராக நின்றது. அதிகாரி தலையாட்டிக்கொண்டே இறங்கினார்.

மாமாவின் கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய், பழக்க தோஷத்தில் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

“அதைப் பின்னாடி ஏறச் சொல்லுடி. முன்னாடி உட்கார்ந்தா மிதிக்கும்.”

மாமா அப்படியே நின்றார். “எப்போ தெரியும் உனக்கு?”

“மெஷின்ல லைட் அணைஞ்ச அன்னைக்கே. நான் கழுவலை. போதாக்குறைக்கு நீங்க பூனைக்கு பிரேக் போட்டீங்களே. பின்ன எப்போ?”

ஆக, ஒன்றும் தெரியாமல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது நான் ஒருத்திதான். நான் அவர் இடத்தில் முன்னால் உட்கார, மாமா முனகிக்கொண்டே பின்சீட்டில் ஏறினார். “அவர்னு சொல்லு” என்றார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பின்சீட்டில் பிரேக் கிடையாது. அதனால் வீடு வந்து சேரும்வரை என் சீட்டின் முதுகை மிதித்துக்கொண்டே வந்தார்.