கருணாகரன் பங்கு போட்ட மாத்திரை

கருணாகரன் கையில் ஒரு பன் இருந்தால் பாதி பக்கத்து ஆளுக்குத்தான். அவ்வளவு வெள்ளந்தி. காசிமேட்டு விசைப்படகில் மீனானாலும் சோறானாலும் பங்கு போட்டே வளர்ந்தவன், வேறெப்படி இருப்பான்?

அவனுக்குக் காசநோய் என்று தெரிந்ததும் டாக்டர் தேவகிருபை, சளியைச் சோதித்து எந்த மருந்து கேட்கும் என்று பார்த்தார். பிறகு எடை பார்த்து, அதற்குத் தகுந்த அளவில் மாத்திரைகளை எழுதினார். நாலு மருந்து சேர்ந்த மாத்திரைகள். தினமும் எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் மொத்தமாகப் போட வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னார். குணமாகும்வரை கரையிலேயே இருந்து வலை தைக்கச் சொல்லிவிட்டார் படகு டிரைவர்.

இரண்டு மாதம் போயும் எடை ஏறவில்லை, இருமலும் அடங்கவில்லை. மனைவி நீலா முட்டையாக அவித்துப் போட்டும் பலனில்லை. மருந்தையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று டாக்டர் கவலைப்பட்டபோதுதான் கருணாகரன் வாயைத் திறந்தான்.

"எங்க டில்லிபாபுவுக்கும் இதே இருமல் கீது டாக்டரம்மா. வெளிய தெரிஞ்சா போட்ல ஏத்த மாட்டாங்கன்னு அழுதான். ஆளுக்குப் பாதியா போட்டுகினோம்."

நீலாவுக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. டாக்டர் கத்தவில்லை. பாதி மருந்தில் கிருமி சாகாது, மருந்துக்கே பழகிவிடும், அப்புறம் இந்த மாத்திரை இரண்டு பேருக்குமே கேட்காமல் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். சிநேகிதனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் உயிருக்கே உலை வைத்துவிட்டோமே என்று கருணாகரன் மருகினான்.

மறுநாளே டில்லிபாபுவைக் கையோடு இழுத்து வந்தான். இருவர் சளியும் சோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை கருணாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவனுக்கும் மருந்து இன்னும் கேட்கும், டில்லிபாபுவுக்கும் கேட்கும் என்று வந்தது. டாக்டர் டில்லிபாபுவை எடை பார்த்து, அவனுக்கென்று தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் டில்லிபாபு வாசலிலேயே நின்றுவிட்டான். இனி படகில் சொல்லாமல் முடியாது, தன்னை இறக்கிவிடுவார்களே என்று முனகினான். கருணாகரன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"எறக்கினா எறக்கட்டும். கரையில நான் கீறேன்ல மாமு. நீ குணமாவாம நான் மட்டும் ஏறிப் போயிடுவேனா? ஏறுனா ஒண்ணாதான் ஏறுவோம்."