புடவைக்கு அடியில் ஒரு நிலப்படம்

கயல், அப்பா இப்போது காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் முனியம்மா அக்கா வீட்டில் இருக்கிறேன். பழைய நில அளவைப் படங்களைச் சேர்க்கிற என் கிறுக்கு உனக்குத் தெரியுமே, அதற்காகத்தான். இங்கே ஒன்று இருக்கிறது. ஆனால் அக்காவின் தகரப் பெட்டிக்குள், பட்டுப்புடவைகளுக்கு அடியில் விரிப்பாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கையால் வரைந்தது. வயல், கிணறு, ஒற்றைப் புளியமரம்கூட கறுப்பு மையில் அப்படியே தெரிகிறது.

"இதைக் கொடுப்பீங்களாக்கா?"

"எங்க நெலக் கணக்கெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல இருக்குது, எடுத்துக்க. ஆனா பெட்டித் துரு புடவையில ஏறுனா நீயா வந்து தொவைப்ப?"

பையிலிருந்த செய்தித்தாளை நீட்டுகிறேன்.

"அந்த மை ஒட்டும்ப்பா. அதென்ன, சுருட்டி வெச்சிருக்க?"

கிரகங்கள் வரைய நீ கேட்ட ரோஸ் சார்ட். நான் மறைப்பதற்குள் அக்கா அதை உருவிப் பெட்டியில் விரித்துவிடுகிறார். அளவெடுத்து வாங்கியதுபோல் பொருந்துகிறது.

ஓசூரில் இறங்கியதும் உனக்கு வேறு சார்ட் வாங்குவதுதான் முதல் வேலை. கடை மூடியிருந்தால் என்னைத் திட்டிக்கொள். இந்தப் படத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே.